நொய்யலுக்கென்று ஒரு சட்டம்

சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அதைக் கட்டி முடித்தபோது, ஈரோட்டுப் பக்கம் கொஞ்சமும் கரூர்ப் பக்கம் பெரும்பகுதியுமாகச் சுமார் 10,000 ஏக்கர் பாசனம் பெறும் என்பது கணக்கு. சில ஆண்டுகளுக்குள் ஆயக்கட்டு விவசாயிகளே அணையைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புத் தண்ணீர் அங்கே வந்து தேங்கி நின்றது. திறந்துவிட்டால் கீழே வயல் கெடும்; தேக்கி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெடும். தண்ணீர் வரவில்லையே என்று சண்டை போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தண்ணீர் வந்துவிடப் போகிறதே என்று பயந்த பாசனதாரர்களை நொய்யல் கரையில்தான் பார்க்க முடிந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், ஜெயித்தார்கள். அப்படியும் ஆறு முழுதாக மீளவில்லை. நீதிமன்றத்தால் செய்ய முடியாத வேலையையும் சேர்த்து நீதிமன்றத்தின் தலையிலேயே போட்டுவிட்டோம் என்பதுதான் அதற்குக் காரணம். மீதி வேலை சட்டமன்றத்துடையது.

வெள்ளியங்கிரி மலைச்சரிவில் ஓடைகளாகப் பிறக்கும் நொய்யல், பேரூரைத் தொட்டு, கோவை, திருப்பூர் நகரங்களுக்குள் புகுந்து, ஈரோடு மாவட்டத்தின் ஓரத்தைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊருக்கருகே காவிரியில் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறல்ல. மழை பெய்தால் பொங்கும், இல்லையென்றால் மணல்தான். அதனாலேயே இங்கே ஆற்றைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு பழங்காலத்திலிருந்து இருந்து வந்திருக்கிறது. சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளில் வெள்ளத்தை மறித்து, வாய்க்கால் வழியாகக் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என்று வரிசையாகக் குளங்களை நிரப்பினார்கள். குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்; பல மைல் தள்ளியிருக்கும் தோட்டத்துக் கிணற்றில் ஊறும். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், இல்லையென்றால் காடு. தோட்டத்தைக் காடாகாமல் காப்பது நொய்யலின் வேலையாக இருந்தது. ஓடாத ஆறு செத்த ஆறு என்று சொல்பவர்களுக்கு இந்த ஊர் விவசாயம் பழக்கமில்லை.

அந்த நிலத்தடி நீரைத்தான் சாயக்கழிவு கெடுத்தது. கழிவு என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள். உண்மையான வில்லன் உப்பு. பருத்தி நூலும் அதில் ஏற்றும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டம் கொண்டவை. சாயத்தை நூலோடு ஒட்ட வைக்கத் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். ஆழ்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்டதெல்லாம் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. வெளியே வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். பயிர் பட்டுப்போன பிறகுதான் விஷயம் தெரியும். ஆற்று வெள்ளம் அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும் என்றாலும், மண்ணுக்குள் இறங்கிய உப்பை அப்படிக் கழுவ முடியாது. பட்டறை மூடிய மறுநாளே கிணறு நல்லதாகிவிடாததற்கு இதுவே காரணம்.

வழக்குகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996 ஆகஸ்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது. நீதிபதி பாஸ்கரன் தலைமையில் வந்த அந்தச் சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யலையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கண்டு, 2004 டிசம்பரில் ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் உத்தரவு நிறைவேறவில்லை என்று கண்டு, 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கைகட்டி நின்ற காலத்தில் ஆற்றுக்காகப் பேசிய ஒரே இடம் நீதிமன்றம்தான். ஆனால் அந்த 24.8 கோடியை 28,596ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு விவசாயிக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. கிணறு உப்பானவர் இன்னொரு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதற்கு அது முன்பணமாகக்கூடக் காணாது. கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடந்த சில ஆண்டுகளின் விளைச்சல் இழப்பை ரூபாயாக்குவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. அந்த மண்ணை எப்படித் திரும்பப் பண்படுத்துவது, எந்தப் பயிருக்கு மாறுவது, மாறும்வரை குடும்பத்தின் பிழைப்பு என்ன, குடிதண்ணீர் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த வேலைக்குள் அடங்காது. 2011 உத்தரவும் அப்படித்தான். மூடு என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மூடிய பிறகு பட்டறைத் தொழிலாளிக்கு என்ன கூலி, சிறிய முதலாளியின் கடனுக்கு யார் பதில், ஆர்டர் வேறு ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று திட்டம் போடவோ, அதற்குப் பணம் ஒதுக்கவோ நீதிமன்றத்தால் முடியாது. நிறுத்தும் அதிகாரம் ஓரிடத்திலும் மீட்கும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்தன. பின்னதை யாரும் பயன்படுத்தவில்லை.

திருப்பூருக்குச் சேர வேண்டிய பெருமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூடலுக்குப் பின் மாநில அரசு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. சவ்வூடு வடிகட்டி தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் அடர்ந்த உப்புக்கரைசலை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் நுட்பத்தை அங்குள்ளவர்கள் பல தோல்விகளுக்குப் பிறகு கைவசப்படுத்தினார்கள். இன்று தினமும் ஏறத்தாழ 13 கோடி லிட்டர் தண்ணீர் இப்படிச் சுழற்சியில் இருப்பதாகத் தொழில்துறையினர் சொல்கிறார்கள். உலகின் ஜவுளி நகரங்களில் இதைச் சாதித்தவை மிகக் குறைவு. ஆயினும் இரண்டு விஷயங்கள் மிச்சம் நின்றன. ஆவியாக்கியில் கடைசியாகக் கிடைக்கும், எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு நிலையங்களிலேயே மலைமலையாகத் தேங்கியது. மற்றொன்று, திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியதும் வேலை வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் இடித்த செய்தி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஓர் ஊரை மட்டும் பிடித்தால் அழுக்கு அடுத்த ஊருக்குக் குடிபெயரும்.

இதைவிடப் பெரிய விஷயம் கோயம்புத்தூர். திருப்பூரின் சாயம் கட்டுக்குள் வந்த பிறகு, மழையில்லாத மாதங்களில் நொய்யலில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. 2011 கணக்கெடுப்பிலேயே 21 லட்சம் பேரைத் தாண்டிய நகர்ப்புறம் இது. உக்கடம், ஒண்டிப்புதூர், நஞ்சுண்டாபுரம் ஆகிய மூன்று இடங்களில் முறையே நாளொன்றுக்கு 7 கோடி, 6 கோடி, 4 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. நிலையம் இருந்தால் போதாதே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாதாளச் சாக்கடை அங்கே போய்ச் சேர வேண்டும். சேராத சாக்கடை பள்ளங்கள் வழியாகக் குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. மழை பெய்து ஆறு சுழித்து ஓடும்போது தடுப்பணைகளுக்குக் கீழே வெள்ளைவெளேரென்று நுரை பொங்குவதைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் படம் போடுகின்றன. அதைப் பார்த்து எந்த மாநகராட்சி அலுவலகத்தையும் யாரும் பூட்டியதில்லை, பூட்டவும் முடியாது. பட்டறைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கலாம். நகரத்துக்கு என்ன செய்வது? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும் என்றாலும், அது கையில் கொடுக்கும் ஆயுதங்களெல்லாம் தொழிற்சாலையை மனதில் வைத்துச் செய்தவை.

திட்டங்களுக்கும் பணத்துக்கும் குறைவில்லை. 2020ஆம் ஆண்டு வாக்கில் நொய்யலைச் சீரமைக்க 230 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று வந்தது. காவிரியையும் துணையாறுகளையும் தூய்மைப்படுத்த ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று 11,250 கோடியில் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. கோவைக் குளங்களின் கரைகளில் ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் நடைபாதையும் விளக்குகளும் வந்துவிட்டன. குளத்துக்குள் வரும் தண்ணீர்தான் பழையபடி. இன்னொரு பக்கம், 60 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் போராடிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை 1,916 கோடி ரூபாய் செலவில் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். அந்தத் தண்ணீர் அவசியம், போராட்டமும் நியாயம். ஆனாலும், ஒரு வட்டாரம் பக்கத்து ஆற்றிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே தன் ஆற்றைச் சாக்கடைக்கு விட்டிருப்பது வினோதம்தான். திட்டம் என்பது அரசாணை. நிதியாண்டோடு பிறந்து ஒப்பந்தக்காரர் பில்லோடு முடியும். கரை உயர்ந்ததா, மதகு வைத்தார்களா என்று கேட்கலாம். கிணற்று உப்பு குறைந்ததா என்று யாரிடம் கேட்பது? நீர்வளத் துறை ஓட்டத்தைப் பார்க்கிறது, வாரியம் ஆலையின் கழிவுக்குழாயைப் பார்க்கிறது, மாநகராட்சி சாக்கடையைப் பார்க்கிறது, வேளாண்மைத் துறை வயலைப் பார்க்கிறது. ஆற்றுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இப்படி ஓர் ஆளை உண்டாக்கிய முன்மாதிரி ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கிறது. நிலக்கரியும் இரும்பும் செழித்த அந்த வட்டாரத்தின் எம்ஷர் ஆறு, சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்துகொண்டே போனதால் பூமிக்கடியில் சாக்கடை போட முடியாமல், திறந்த சாக்கடையாகவே மாற்றப்பட்டது. அதை நிர்வகிக்க 1899இல் எம்ஷர் கூட்டுறவுச் சங்கம் உருவானது; 1904இல் பிரஷ்ய அரசு அதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. ஆற்றங்கரை நகரங்கள், சுரங்கங்கள், ஆலைகள் எல்லாம் அதில் கட்டாய உறுப்பினர்கள். யார் எவ்வளவு சுமையை ஆற்றின் மீது ஏற்றுகிறார்களோ அந்த அளவுக்குச் சந்தா. சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு, 1992இல் அதே அமைப்பு ஆற்றை மீட்கும் வேலையைத் தொடங்கியது. சுமார் 550 கோடி யூரோ செலவழித்து 2021 முடிவில் எம்ஷரைச் சாக்கடையில்லாத ஆறாக்கினார்கள். முப்பது ஆண்டு வேலை. இடையில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. நிலையான வருமானமும் சட்டத்தின் பிடிமானமும் இருந்த அமைப்பு என்பதால் வேலை நடுவில் நிற்கவில்லை. அங்கே ஒரு குறையும் உண்டு: பணம் கட்டுபவருக்குத்தான் வாக்கு. நொய்யலுக்கு அப்படியே எடுத்து வந்தால் ஏற்றுமதியாளரும் மாநகராட்சியும் முடிவெடுப்பார்கள், ஒரத்துப்பாளையத்து விவசாயி வெளியே நிற்பார். இங்கே கீழ்மடை ஊர்களுக்குப் பணம் கட்டாமலே வாக்கு வேண்டும்.

ஆக, நொய்யல் வடிநிலத்துக்கென்று ஒரு சட்டம் வேண்டும். நான்கு மாவட்டங்களையும் ஒரே அலகாகக் கொள்ளும் ஆணையம். அதில் மேல்மடை, கீழ்மடைப் பாசனதாரர்கள், கோவை, திருப்பூர் மாநகராட்சிகள், சாயப்பட்டறைகள், தொழிலாளர்கள், உக்கடம் போன்ற குளங்களில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் எல்லோருக்கும் இடம். அதன் வருமானத்துக்கு, நீதிமன்றம் காட்டிய வழியே போதும். சாயப்பட்டறைக்கு லிட்டருக்கு 6 பைசா விதிக்க முடியுமென்றால், சுத்திகரிக்காத சாக்கடையை விடும் மாநகராட்சிக்கு 1 பைசா விதிக்கலாமே. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தினம் 10 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 36 கோடிக்கு மேல். 28,596 பேருக்குக் கொடுத்த மொத்த இழப்பீட்டைவிட அது அதிகம். சாக்கடையைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்க கட்டணம் குறையும். இந்தப் பணம் கருவூலத்துக்குப் போகாமல் ஆற்றங்கரைக்கே திரும்ப வேண்டும்: உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சம், கெட்ட கிணறுள்ள ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர், சிறு பட்டறைகள் பொது நிலையத்தில் சேரக் குறைந்த வட்டிக் கடன், கலப்பு உப்பை அகற்றும் செலவு. ஆற்றை மீட்பதும் கரையோரப் பிழைப்பை மீட்பதும் ஒரே பட்ஜெட்டில் இருந்தால்தான், ஆறா தொழிலா என்று ஊரை இரண்டாகப் பிரிக்கும் பழைய சண்டை ஓயும்.

இருக்கிற சட்டங்களையே அமல்படுத்தக் காணோம், இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆற்றங்கரையில் மாசு ஆலைகள் கூடாதென்று 1989இலேயே அரசாணை போட்டாயிற்று. 2007இல் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் வந்தது. 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. இப்படித் தூங்கிய சட்டங்களைப் பார்த்தால் அலுப்பு வரத்தான் செய்யும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை செய்யாதே என்று சொல்பவை. இந்தத் தேதிக்குள் இந்த இடத்தில் தண்ணீர் இந்தத் தரத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் இன்னார் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. கடமையும் கெடுவும் பணமும் சேர்ந்து இல்லாத சட்டம் தூங்குவதில் ஆச்சரியமில்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு இன்னொரு நாற்காலி என்ற கிண்டலுக்கும் இதுவே பதில்: சித்திரைச்சாவடி முதல் ஒரத்துப்பாளையம் வரை மாதாமாதம் அளந்த உப்பளவை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடச் சட்டமே கட்டாயப்படுத்தினால், நாற்காலியில் இருப்பவர் ஒளிய இடமிருக்காது.

தொழில் ஓடிவிடும் என்ற பயம் இதைவிடக் கனமானது. 2011இல் திருப்பூர் அழிந்தது என்றே பேசினார்கள். இன்று அதன் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் அழிவின் எண் அல்ல அது. வெளிநாட்டு வாங்குவோர் தண்ணீர்க் கணக்குக் கேட்கும் காலத்தில் அந்தக் கட்டுப்பாடே திருப்பூருக்கு விளம்பரமாகிவிட்டது. அதே சமயம், பெரியவர்கள் தாக்குப்பிடித்த அந்த மாதங்களில் சிறிய பட்டறைக்காரர்கள் பலர் எழவே இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊர் ஆடிப்போனதையும் பார்த்தோம். லாபம் மெலிந்த தொழிலில் புதுக் கட்டணம் என்றால் வயிறு கலங்கும். அதனால்தான், ஏற்கெனவே கழிவை வெளியேற்றாதவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, ஒளிந்து மறைந்து சாயமிடுபவர்களிடமும் நகரங்களிடமும்தான் வாங்க வேண்டும் என்கிறேன். இன்றைக்கு நேர்மையான பட்டறையின் அடக்கவிலை கூடுதல், திருட்டுப் பட்டறையின் அடக்கவிலை குறைவு. சட்டம் அந்த வித்தியாசத்தைத் திருப்பிப் போட்டால் நன்மை முதலில் தொழிலுக்குத்தான்.

அதிகாரம் பற்றிய தடை ஏதும் பெரிதாக இல்லை. மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, மாநிலம் அதில் கை வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர், பாசனம், வடிகால், உள்ளாட்சி, வேளாண்மை, மீன்வளம் எல்லாம் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நொய்யலோ பிறப்பிலிருந்து முடிவு வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பக்கத்து மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை, நடுவர் மன்றமும் தேவையில்லை. ஒரு வட்டாரத்தின் மண்ணைக் காக்கத் தனிச் சட்டம் போடுவதும் நமக்குப் புதிதல்ல. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப் போவதாக 2020 பிப்ரவரி 9ஆம் தேதி தலைவாசல் விழாவில் அன்றைய முதல்வர் அறிவித்தார். பிப்ரவரி 20ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. இடையில் பதினோரு நாள். அந்த டெல்டாவுக்குப் போகும் காவிரியில்தான் நொய்யலும் கலக்கிறது. நொய்யல் மசோதாவுக்குப் பதினோரு நாள் போதாது; கோவைச் சாக்கடையை அளக்கவே ஒரு கோடை வேண்டியிருக்கும். அளக்கும் வேலையை முதல் பிரிவிலேயே எழுதி, நான்கு மாவட்டங்களிலும் மக்கள் கருத்துக் கேட்டு, அடுத்த கூட்டத்தொடரில் வரைவை மேசையில் வைப்பதற்கு எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லை.